'டேனிஷ் கோட்டை பைப்' வாங்கப் போறீங்களா? முதல்ல வருஷத்தைப் பாருங்க!

காரைக்காலில் இருந்து வடக்கே பஸ் ஏறினால், கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. 1620-ல் வந்திறங்கிய டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்னமும் கடலோரம் நிற்கிறது. அதனால் யாராவது ஒரு பிரையர் மரப் பைப்பைக் காட்டி, 'கோட்டையில இருந்த துரையோடது' என்றால் நம்பத்தான் தோன்றும்.

ஆனால், கணக்கு உதைக்கிறது. தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு அவர்கள் விற்றது 1845-ல். பிரையர் பைப், பிரான்ஸின் செயின்ட் குளோட் ஊரில் தொழிலாக வளர்ந்ததோ 1850-களில். (காரைக்காலை ஆண்ட அதே பிரான்ஸ்தான்!) கோட்டைக் காலத்து ஐரோப்பியர் கையில் இருந்தது பெரும்பாலும் வெள்ளைக் களிமண் பைப்.

பிரையர், மத்திய தரைக்கடல் பக்கத்துப் புதர்ச்செடி. அதன் வேர் முண்டை அறுத்து, வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். சூட்டில் லேசில் கருகாது.

சேகரிப்பாளர்கள் தேடும் டேனிஷ் பைப்புக்கு வயசு குறைவு. 'ஸ்டான்வெல்' தொடங்கியது 1942-ல். உலகப்போரில் பிரையர் கிடைக்காமல் முதலில் பீச் மரத்தில்தான் செய்தார்கள். ஆங்கிலேயப் பேர் மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? வியாபாரத்துக்காக வைத்ததுதான். நிறுவனர் போல் நீல்சன், பின்னாளில் தன் பேரையே ஸ்டான்வெல் என மாற்றிக்கொண்டார்! அவர்களுக்கு வடிவம் கொடுத்த சிக்ஸ்டன் ஐவர்சன், தன் கையால் செய்த பைப்களுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் பெரிய மவுசு.

'பழைய ஸ்டான்வெல்' என்று யாராவது நீட்டினால், தண்டில் 969-48 என்ற பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். 1948-ல் பதிவான எண் அது. பிற்காலப் பைப்களில் இருக்காது. எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை, துரை கதை மட்டும்தான் என்றால் பர்ஸைத் திறக்காதீர்கள். வாங்கினாலும் அலமாரியில் வைக்க மட்டும், புகைக்க வேண்டாம்!