சொல் ஒன்று, செயல் இரண்டு: ஒப்பீட்டு அரசியல் கற்பிக்க வரும் இளையோர்க்கு

நாடுகளின் ஆட்சிமுறைகளையும் கொள்கைகளையும் அருகருகே வைத்து, அவற்றின் வேறுபாடுகளுக்குக் காரணம் காண்பது ஒப்பீட்டு அரசியல். முனைவர் பட்டம் பெற்றுப் புதிதாக விரிவுரையாற்ற வரும் இளம் ஆய்வாளர், 'எந்த நாடுகளை ஒப்பிடுவது?' என்று முதலில் வினவுவார். மொழியியல் பயின்ற நாம் அதற்கும் முன்னே ஒரு வினாவை வைப்போம்: 'எந்தச் சொல்லைக்கொண்டு ஒப்பிடுகிறோம்?'

மலேசியாவையும் சிங்கப்பூரையும் காண்போம். இரண்டும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தவை. 1963 முதல் 1965 வரை ஒரே கூட்டரசாகவும் இருந்தவை. பலவற்றில் ஒத்த நாடுகளிடையே வேறுபடும் ஒன்றை ஆராய்வது இத்துறையில் நிலைபெற்ற முறை. இரு நாட்டு அரசியலமைப்பிலும் மலாய் தேசிய மொழியே. ஆயினும், மலேசியாவில் அரசு நிருவாகம் மலாயில் நடைபெறுகிறது; சிங்கப்பூரில் நிருவாகம் ஆங்கிலத்தில் நடைபெற, மலாய் நாட்டுப்பண்ணிலும் அணிவகுப்புக் கட்டளைகளிலும் ஒலிக்கிறது.

தமிழின் நிலையோ இன்னும் சிந்திக்கத்தக்கது. சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்று. ஆனால், அங்கு உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. இன்று தமிழ் தாய்மொழிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது, பயிற்றுமொழியாக இல்லை. மலேசியாவில் தமிழுக்கு அதிகாரத்துவத் தகுதி இல்லை. ஆனால், தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தொடக்கப்பள்ளிகள் 500க்கு மேல் உள்ளன. சட்டத்தகுதியை மட்டும் அட்டவணையிட்டால் சிங்கப்பூர் முன்னிற்கும்; பயிற்றுமொழியை மட்டும் அட்டவணையிட்டால் மலேசியா முன்னிற்கும். இரண்டையும் ஒரே எண்ணாக்கினால் இரு நாட்டு உண்மையும் மறைந்துவிடும்.

கருத்துச்சொல் ஒன்றைப் பல நாடுகளுக்கும் பொருந்துமாறு நீட்டிக்கொண்டே போனால் அது பொருளிழக்கும் என 1970இல் ஜியோவன்னி சார்த்தோரி எச்சரித்தார். விரைந்து கட்டுரை வெளியிட வேண்டிய நெருக்கடியில் உள்ள இளம் ஆய்வாளர்க்கு, பிறர் தொகுத்த எண்களைக்கொண்டு ஐம்பது நாடுகளை ஒப்பிடுவது எளிதாகத் தோன்றும். மொழியறிந்து, சட்டமும் பள்ளியும் அறிந்து, இரண்டு நாடுகளை ஒப்பிடுவது அதனினும் கடினம், பயனும் மிகுதி.

வகுப்பறைக்கும் இதுவே வழி. கோட்பாட்டைப் பின்னர் வைத்துக்கொள்வோம். முதல் நாளில், 'தேசிய மொழி' என்னும் சொல்லைப் பலகையில் எழுதி மூன்று வினாக்களைக் கேட்போம்: அது எந்தச் சட்டத்தில் உள்ளது? அம்மொழியில் எந்த அலுவல் நடைபெறுகிறது? எந்த வகுப்புவரை அது பயிற்றுமொழி? விடை தேடும் மாணவர் ஒப்பீட்டைத் தாமே கற்றுக்கொள்வர். ஒரு மொழிக்குச் சட்டம் தரும் தகுதி வேறு, வாழ்வில் அதற்குள்ள இடம் வேறு என்பதையும் உணர்வர். அவர்களுள் சிலர் நாளை மொழிக்கொள்கை வகுக்கும் இடத்தில் அமரக்கூடும்.