பொரியும் சோளம், பொரியாத சோளம்
வீட்டு மைக்ரோவேவில் நல்ல பாப்கார்ன் செய்வது எப்படி?

பாப்கார்ன் என்பது மக்காச்சோளத்தின் ஒரு தனி வகை மணி சூட்டில் வெடித்து மலர்ந்த பொரி. தோல், முளை, மாவு மூன்றும் கழியாமல் உள்ளே இருப்பதால் அது முழுத்தானிய உணவு. எண்ணெயும் உப்பும் அளவாக இருந்தால் மாலை நேரத் தீனிகளில் இதைவிட எளிமையானது குறைவு. வெண்ணெய்ச் சுவையூட்டியும் அளவு கடந்த உப்பும் சேர்ந்துவிட்டால் அதே பொரி உடம்புக்கு ஒவ்வாததாகிறது. எனவே நல்லது கெட்டது சோளத்தில் இல்லை, அதோடு சேர்வதில் இருக்கிறது. வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பும் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் இருந்தால், எதைச் சேர்ப்பது என்ற முடிவு வீட்டாரின் கைக்கு வந்துவிடும்.

ஆயக்குடி வட்டாரத்துச் சோளம்

பழனிக்குக் கிழக்கே, திண்டுக்கல் செல்லும் சாலையில் இருக்கும் ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர்போன ஊர். தோப்புகளைத் தாண்டிச் சமவெளிக்குள் போனால் மக்காச்சோளக் காடுகள் தொடங்கும். தொப்பம்பட்டி, ஒட்டன்சத்திரம் பக்கங்களிலும் இதுவே முக்கியமான பயிர்களில் ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்தை இதே பழனி வட்டாரத்தில், வாகரையில் வைத்திருக்கிறது. புரட்டாசியில் மழையை நம்பி விதைக்கும் மானாவாரிச் சோளம் தை, மாசியில் அறுவடைக்கு வரும். அந்த மாதங்களில் களத்திலும் சாலையோரத்திலும் மஞ்சள் மணிகள் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இப்படி விளையும் சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல், பல்லடம் வட்டாரங்களின் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம்தான் முதன்மைத் தீவனம். ஸ்டார்ச் ஆலைகளுக்கும் ஒரு பகுதி செல்கிறது. ஆனால் களத்தில் காயும் இந்த மணியை ஒரு கைப்பிடி அள்ளிவந்து அடுப்பில் போட்டால் பாப்கார்ன் வராது. சில மணிகள் வாய்பிளக்கும், பல மணிகள் கருகும், பூவாக மலராது.

காரணம் மணியின் அமைப்பு. தீவனச் சோளத்தின் மணி பெரியது. பல வீரிய ஒட்டு ரகங்களில் மணியின் தலையில் ஒரு சிறு குழி விழுந்திருக்கும். மணியின் நடுவில் இருக்கும் மென்மையான மாவு காயும்போது சுருங்குவதால் அந்தக் குழி உண்டாகிறது. பொரிச் சோளத்தின் மணி சிறியது, உருண்டையானது, கண்ணாடிபோல் பளபளப்பானது. அதன் உள்ளே கடினமான, நெருக்கமான மாவு நிறைந்திருக்கும். தோலும் உறுதியானது, விரிசல் இல்லாதது. கடையில் ‘பாப்கார்ன் சோளம்’ என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது இதனால்தான். அம்பர் பாப்கார்ன், வி.எல். அம்பர் பாப்கார்ன், பேர்ல் பாப்கார்ன் ஆகியவை இந்தியாவில் இதற்கென வெளியிடப்பட்ட ரகங்கள்.

சோளத்தைப் பொரிப்பது இந்த மண்ணுக்குப் புதிய பழக்கம் அல்ல. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மக்காச்சோளம் இங்கே வருவதற்கு முன்பே, நாட்டுச் சோளத்தை இரும்புச் சட்டியில் சுடுமணலோடு வறுத்துப் பொரித்து, சலித்து எடுத்துத் தின்றவர்கள் இவ்வூர்க்காரர்கள். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்காத வீடு குறைவு. மைக்ரோவேவ் பாப்கார்ன் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது.

மணி ஏன் வெடிக்கிறது?

பொரிச் சோளத்தின் ஒவ்வொரு மணியும் மூடி இறுகிய ஒரு சிறிய குக்கர். உள்ளே இருக்கும் நீர் சூடேறி ஆவியாகிறது. தோல் ஆவியை வெளியே விடாது. அழுத்தம் ஏற ஏற, மாவு வெந்து குழைந்து கூழாகிறது. வெப்பம் 180 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது, உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 9 மடங்காகிவிடும். அதற்கு மேல் தோல் தாங்காது. அது கிழிந்ததும் ஆவி பீறிட்டு வெளியேற, குழைந்த மாவு நுரைபோல் விரிந்து, காற்றுப் பட்டு அப்படியே இறுகிவிடுகிறது. நல்ல மணி தன் பருமனைப்போல் 40 மடங்கு வரைகூட விரியும். வெடிக்கும்போது கேட்கும் ‘டப்’ என்ற ஓசையும் ஆவி விடுபடுவதால் எழுவதே என்று 2015-இல் பிரான்ஸின் ஆய்வாளர்கள் இருவர் அதிவேகக் கேமராவும் ஒலிவாங்கியும் வைத்துக் காட்டினார்கள்.

இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஈரப்பதம். மணியில் நீர் 13 முதல் 14.5 சதவீதம் வரை இருந்தால் நன்றாகப் பொரியும். குறைந்தால் அழுத்தம் போதாமல் மணி அப்படியே தங்கிவிடும். கூடினால் தோல் முன்னதாகவே கிழிந்து, பொரி சிறுத்து, மெல்லும்போது சவசவ என்றிருக்கும். ஈரப்பதம் என்ற சொல் ஆயக்குடி விவசாயிக்கு நன்கு பழகியது. மூட்டையிலிருந்து ஒரு பிடி மணியை எடுத்து மீட்டரில் போட்டுப் பார்த்த பிறகே வியாபாரி விலை சொல்வார். 14 சதவீதத்தை ஒட்டி நிற்கும் சோளத்துக்கே நல்ல விலை. களத்தில் விலையைத் தீர்மானிக்கும் அதே எண்தான் கிண்ணத்தில் பொரியையும் தீர்மானிக்கிறது.

வாங்கிய மணியைக் காற்றுப் புகாத ஜாடியில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். திறந்த பையில் கிடந்தால் கோடைக் காற்றில் காய்ந்துவிடும். காய்ந்த மணியை மீட்கவும் வழி உண்டு. ஒரு லிட்டர் ஜாடியில் முக்கால் பங்கு மணி போட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி, இறுக மூடிக் குலுக்க வேண்டும். அவ்வப்போது குலுக்கியபடி இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் மணி நீரை இழுத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் பொரித்துப் பார்க்கலாம்.

மைக்ரோவேவும் பாப்கார்னும்

இந்த இரண்டுக்கும் உள்ள உறவு அடுப்பு பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் கருவிகளோடு வேலை செய்த பெர்சி ஸ்பென்சர், நுண்ணலைக்கு உணவைச் சூடாக்கும் ஆற்றல் இருப்பதைக் கண்டு 1945-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் முதலில் சோதித்துப் பார்த்த உணவுகளில் ஒன்று சோள மணி.

வீட்டு மைக்ரோவேவின் அலை நொடிக்கு 245 கோடி முறை அதிர்கிறது. அதற்கு ஈடுகொடுத்து நீர் மூலக்கூறுகள் புரண்டு அசைவதால் சூடு பிறக்கிறது. வாணலியில் சூடு வெளியிலிருந்து தோல் வழியாக உள்ளே போக வேண்டும். மைக்ரோவேவில் மணிக்குள் இருக்கும் நீரே நேராகச் சூடாகிறது. எனவே எண்ணெய் இல்லாமலும் பொரி கிடைக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் சூடு எல்லா மணிக்கும் சீராகப் பரவும், பிறகு தூவும் உப்பும் ஒட்டும்.

செய்முறை

தேவையானவை: பாப்கார்ன் சோளம் 50 கிராம், கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி, தூள் உப்பு கால் தேக்கரண்டிக்கு மிகாமல்.

பாத்திரம் மைக்ரோவேவுக்கு உகந்தது என்று குறிப்பிடப்பட்ட, இரண்டரை முதல் மூன்று லிட்டர் கொள்ளும் தடித்த கண்ணாடிக் கிண்ணமாக இருக்க வேண்டும். 50 கிராம் மணி பொரிந்தால் இரண்டு லிட்டர் வரை இடம் பிடிக்கும் என்பதால் சின்னக் கிண்ணம் போதாது. மூடுவதற்கு மைக்ரோவேவில் வைக்கத்தக்க பீங்கான் தட்டு வேண்டும். எவர்சில்வர் கிண்ணம், தட்டு, கரண்டி, அலுமினியத் தாள், பொன்விளிம்பு போட்ட பாத்திரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. சாதாரண பிளாஸ்டிக் டப்பாவும் இதற்கு ஆகாது. பொரியும் மணியின் சூட்டை அது தாங்காது.

கிண்ணத்தில் மணியைப் போட்டு, எண்ணெய் விட்டு, எல்லா மணியிலும் படும்படி பிசறி, ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். தட்டால் மூடும்போது ஆவி வெளியேற ஓரத்தில் சிறு இடைவெளி இருக்கட்டும். அடுப்பில் கிரில், கன்வெக்‌ஷன் முறைகள் இருந்தாலும் மைக்ரோவேவ் முறையை மட்டும், முழுத் திறனில் வைக்க வேண்டும். அடுப்பின் வாட் திறனைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகலாம். முதல் ஒன்றரை இரண்டு நிமிடம் சத்தமே இருக்காது. பிறகு ஒன்றிரண்டாகத் தொடங்கி, சடசடவென்று பொரிந்து, மெல்ல அடங்கும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நொடி இடைவெளி விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடைசி மணி வரை காத்திருந்தால் முன்பே பொரிந்தவை கருகும். பாப்கார்ன் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகக் கூடாது. இங்கே கடிகாரத்தைவிடக் காதுதான் நம்பகமானது. அடுப்பில் உள்ள ‘பாப்கார்ன்’ பட்டன் கடைப் பொட்டலத்தின் அளவை வைத்து அமைக்கப்பட்டது. கிண்ணத்துக்கு அது பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நின்றதும் அரை நிமிடம் விட்டு, தடித்த துணியால் பிடித்து வெளியே எடுக்க வேண்டும். கிண்ணம் கடுமையாகச் சுடும். ஈரமான கல்மேடையில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும், எனவே காய்ந்த துணிமேல் வைப்பது நல்லது. தட்டை முகத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும். உடனே திறந்துவிட்டால் ஆவி வெளியேறிப் பொரி மொறுமொறுப்பாக இருக்கும். மூடியே வைத்தால் அதே ஆவியில் நமத்துவிடும். அடியில் தங்கும் பொரியாத மணிகளை மறுபடியும் அடுப்பில் வைக்காமல் கழித்துவிடலாம். அவற்றில் ஈரம் போய்விட்டது.

பழுப்புத் தாள் பையில் மணியைக் கட்டி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கண்ணாடிக் கிண்ணம் இருக்கும்போது அது தேவையில்லை. மறுசுழற்சித் தாளில் எது கலந்திருக்கிறது என்று தெரியாது, சூட்டில் தீப்பற்றவும் கூடும். அச்சிட்ட தாளில் உணவை வைக்கவே கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பொரித்த பிறகு கூம்பு சுற்றிக் கொடுப்பதற்கும் அது பொருந்தும்.

சுவைக்கு என்ன சேர்க்கலாம்?

சுவைப் பொடி எதுவானாலும் பொரித்த பிறகே தூவ வேண்டும். முன்னதாகப் போட்டால் கருகிக் கசக்கும். உப்பைக் கல்லுப்பாகப் போடாமல் மிக்சியில் நைசாக அரைத்துத் தூவினால் குறைந்த அளவே நாக்குக்குப் போதும். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்தது, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி ஆகிய மூன்றும் பொரியோடு நன்றாகச் சேரும். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும் முருங்கையின் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்தும் தூவலாம். கொடைக்கானல் மலைப்பூண்டை ஒரு தேக்கரண்டி நெய்யில் வதக்கி, அந்த நெய்யைச் சூட்டோடு பொரிமேல் விட்டுப் புரட்டினால், கடைப் பொட்டலத்தின் வெண்ணெய் மணத்தை யாரும் தேட மாட்டார்கள். இனிப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரைப் பாகு காய்ச்சிப் பிசறலாம். அதை என்றாவது ஒரு நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

உடம்புக்கு எவ்வளவு?

எண்ணெய் சேர்க்காத பாப்கார்ன் 100 கிராமில் சுமார் 387 கலோரி, 13 கிராம் புரதம், 14.5 கிராம் நார்ச்சத்து, 4.5 கிராம் கொழுப்பு உண்டு. உருளைக்கிழங்கு சிப்ஸ் 100 கிராமில் கொழுப்பு மட்டும் 30 கிராமைத் தாண்டும். மேலே சொன்ன அளவில் செய்த பொரியை இருவர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 115 கலோரி. உப்பைப் பொறுத்தவரை, நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கால் தேக்கரண்டி உப்பை இருவர் பகிர்ந்தால் அது பெரிய பங்கு ஆகாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதுவும் மாவுச்சத்து என்பதை மறக்கக் கூடாது. ஒரு கிண்ணம் தின்றால் அதை அன்றைய உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாப்கார்ன் கொடுக்கவே கூடாது. பொரியின் துணுக்கோ பொரியாத மணியோ மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

கடைப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

அடுப்பில் அப்படியே வைக்கும் மைக்ரோவேவ் பொட்டலத்தில் மணியோடு பெரும்பாலும் பாமாயில், உப்பு, சுவையூட்டி, நிறமூட்டி இருக்கும். வெண்ணெய் மணத்துக்குச் சேர்த்த டைஅசெட்டில் என்ற வேதிப்பொருளைத் தொடர்ந்து சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்குக் கடுமையான நுரையீரல் நோய் வந்தது 2000-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் தெரியவந்தது. அதன்பின் பெரிய நிறுவனங்கள் பல அதைக் கைவிட்டன. எண்ணெய் கசியாமல் இருக்கப் பையின் தாளில் பூசப்பட்டுவந்த பி.எஃப்.ஏ.எஸ். வகை ரசாயனங்கள் உடலிலும் மண்ணிலும் எளிதில் சிதையாமல் தங்குபவை. உணவுப் பொட்டலத் தாள்களுக்கான அப்பூச்சுகள் அமெரிக்கச் சந்தையில் இனி விற்கப்படுவதில்லை என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. பொட்டலம் வாங்க நேர்ந்தால் பின்பக்கத்தில் எண்ணெயின் பெயர், சோடியம் அளவு, நிறைவுற்ற கொழுப்பு ஆகிய மூன்றையும் பார்த்து வாங்குவது நல்லது.

வெறும் மணியை வாங்கி வீட்டில் பொரித்தால் இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. தனி மணியின் விலை பொட்டலத்தைவிடக் குறைவு, ஒரு முறை பொரிக்க ஆகும் மின்சாரம் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாது, வேலை ஐந்து நிமிடம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கெதிரே பொரித்துக் கொடுக்க இதைவிட நல்ல தீனி அரிது. அடுத்த முறை மளிகைக் கடைக்குப் போகும்போது மைக்ரோவேவ் பொட்டலத்துக்குப் பதிலாக அரைக் கிலோ பாப்கார்ன் சோளம் கேட்டு வாங்குங்கள்.