நாலாவது காலில் பந்து ஏன் எட்டுவதில்லை?

கொக்கட்டிச்சோலைச் செல்லங்களே, மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்புக்குப் போனால் புனித மிக்கேல் கல்லூரி இருக்கிறது. கூடைப்பந்தாட்டத்துக்குப் பேர்போன பள்ளி. அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே பந்து எறியப் பழக்கியவர் யூஜின் ஹேபியர் அடிகளார். போர்க்காலத்தில், 1990இல், அவர் காணாமற்போனார். அவர் ஊன்றிய ஆட்டம் மட்டும் போகவில்லை.

போட்டி பார்க்கும்போது இதைக் கவனித்தீர்களா? முதல் பத்து நிமிடம் எறிந்ததெல்லாம் கூடைக்குள் விழுத்திய அண்ணா, கடைசிப் பத்து நிமிடத்தில், அதாவது ஆட்டத்தின் நாலாவது கால் பகுதியில், எறிகிறார். பந்து வளையத்தின் முன்விளிம்பில் முட்டித் திரும்புகிறது. கவனித்தவர் கெட்டிக்காரர்! அண்ணாவின் கண்ணில் பழுதில்லை. காலைப் பாருங்கள்.

முழங்காலை மடித்து எழும்பும்போது வரும் உந்துதல்தான் இடுப்பு, தோள் வழியாக விரல்நுனிக்கு ஏறுகிறது. ஓடி ஓடிக் கால் களைத்தால் எழும்புவது குறையும். பந்தும் உயர வளையாமல் தட்டையாகப் போகும்.

போனால் என்ன? வெறும் தயிர்ச்சட்டி ஒன்றை எடுங்கள். நேர்மேலே நின்று பார்த்தால் வாய் வட்டம். தலையைத் தாழ்த்துங்கள், வாய் ஒடுங்குகிறதல்லவா? பந்துக்கு வளையமும் அப்படித்தான். வளையத்தின் அகலம் 45 செ.மீ., அண்ணாமாரின் பந்து ஏறத்தாழ 24 செ.மீ. பந்து 45 பாகையில் இறங்கினால் 32 செ.மீ. வழி கிடைக்கும். 30 பாகையில் வெறும் 22.5 செ.மீ.! விளிம்பில் முட்டாமல் நுழைய முடியுமா? விளங்காவிட்டால் சட்டியை இன்னொரு தரம் பாருங்கள்.

அதுதான் பயிற்றுநர் கெட்டிக்கார அண்ணாவையே கூப்பிட்டு வாங்கில் இருத்துகிறார். தண்டனை இல்லை, பிள்ளைகளே! பாய்ச்சலுக்கு உதவும் சக்தி தசையில் கொஞ்சம்தான் இருக்கும், சில விநாடியில் தீரும். இரண்டு மூன்று நிமிடம் இருந்து மூச்சு வாங்கினால் பெரும்பகுதி திரும்பும். கனநேரம் இருத்தினாலும் உடம்பு ஆறிவிடும். அந்த அளவை அறிந்தவர்தான் நல்ல பயிற்றுநர்.

வாங்கை விடப் பெரிய ஓய்வு தூக்கம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 11 வீரர்களை 5 முதல் 7 கிழமை, இரவில் பத்து மணிநேரம் படுக்கச் சொன்னார்கள். 2011இல் முடிவு வந்தது: கோட்டில் நின்று தடுப்பாரின்றி எறிவதில் 9 சதவீதம் முன்னேற்றம். பதினொரு பேர் கொஞ்சம்தான், அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

நீங்களே சோதியுங்களேன். பத்துத் தரம் எறியுங்கள். மைதானத்தை மூன்று சுற்று ஓடி, உடனே பத்து. மூன்று நிமிடம் இருந்து, மறுபடி பத்து. விழுந்ததை மட்டுமல்ல, தவறியது முன்விளிம்பிலா பின்விளிம்பிலா பட்டது என்றும் கொப்பியில் எழுதுங்கள்.