றேசர் பழையது, பிளேட் புதியது: முகச் சவரத்தில் கவனிக்க வேண்டியவை

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பின்னர் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் எந்தவொரு சலூனுக்குச் சென்றாலும் காத்திருக்கவே நேரிடும். ஜும்ஆவுக்கு முன்னர் முடி திருத்தவும் மீசை கத்தரிக்கவும் தாடியின் ஓரங்களை ஒழுங்கு செய்யவும் வருவோரின் கூட்டம் அது. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் கோயில் திருவிழாக்களுக்கு முந்திய நாட்களில் இதே நெரிசலைக் காணலாம். நெரிசல் கூடும்போது தொழிலாளியின் கை வேகமாக ஓடுகிறது. அந்தக் கையிலிருக்கும் கத்தியில் பிளேட் மாற்றப்பட்டதா என்று கண்ணாடியில் கவனித்துப் பார்ப்பவர்கள் நம்மில் மிகச் சிலரே.

சவரம் பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரையா என்று வாசகர் வியக்கக்கூடும். 2020ஆம் ஆண்டில் கொவிட் ஊரடங்கினால் சலூன்கள் மூடப்பட்டபோது, வீட்டில் தாமாகவே சவரம் செய்துகொள்ளத் தெரியாமல் பலர் இடர்ப்பட்டனர். 2022இல் டொலருக்கு எதிரான ரூபாவின் பெறுமதி சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 200இலிருந்து 360ஐத் தாண்டிச் சரிந்தது. மூன்று, ஐந்து பிளேட்டுகள் பொருத்தப்பட்ட இறக்குமதித் தலைகளை வாங்குவது நடுத்தரக் குடும்பங்களுக்கும் பாரமாயிற்று. அந்நிலையில் வாப்பாவின் அலுமாரியில் கிடந்த பழைய உலோக றேசரை எடுத்துத் துடைத்துப் பார்ப்பது இயல்பானதே. அதனை எடுத்தவர்களிற் பலர் முதல் நாளே கன்னத்தை வெட்டிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டனர். குறை றேசரில் இல்லை. பிடித்த கையின் பழக்கத்தில் இருக்கிறது.

இரு பக்கமும் கூருள்ள மெல்லிய பிளேட்டை இரு தகடுகளுக்கிடையே வைத்துத் திருகும் இந்த றேசரை உலகுக்குத் தந்தவர் அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட். அதற்கு முன்னர் சவரக்கத்தியைக் கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்துக் கூராக்க வேண்டியிருந்தது. தீட்ட வேண்டியதே இல்லை, மழுங்கினால் எறிந்துவிடலாம் என்பதே ஜில்லெட்டின் எண்ணம். 1903ஆம் ஆண்டு விற்பனை தொடங்கியபோது அந்த வருடத்தில் விற்றவை 51 றேசர்களும் 168 பிளேட்டுகளும் மாத்திரமே. 1904இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வருட விற்பனை தொண்ணூறாயிரம் றேசர்களை எட்டியது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு இது வழங்கப்பட்டதுடன் வீட்டுச் சவரம் ஒரு தலைமுறையின் வழக்கமாயிற்று. 1960களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத உருக்கு பிளேட்டுகள் சந்தைக்கு வந்தன. 1971இல் இரட்டை பிளேட் தலை வந்த பின்னர், தலையின் விலையும் பிளேட்டுகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போயின.

பல பிளேட் தலைகளில் முதற் பிளேட் உரோமத்தைச் சற்றே வெளியே இழுக்கிறது. அது உள்ளே சுருங்குவதற்குள் அடுத்த பிளேட் வெட்டிவிடுகிறது. வெட்டுமுனை தோல் மட்டத்துக்குக் கீழே சென்றுவிடுவதால் முகம் வழுவழுப்பாகத் தோன்றும். ஆனால் சுருள் உரோமமுள்ளவர்களுக்கு அம்முனை வெளிவரும் வழியில் தோலையே குத்திக் கொப்புளமாக மாறுகிறது. கழுத்தில் ஓயாமல் பருக்கள் போன்றவை தோன்றுவதாக முறையிடும் இளைஞர்கள் களிம்பு பூசுவதற்கு முன்னர் தமது றேசரை மாற்றிப் பார்ப்பது நல்லது. ஒற்றைப் பிளேட் றேசர் தோல் மட்டத்திலேயே வெட்டி நிற்கிறது.

இனி முறைக்கு வருவோம். சவரத்தின் பாதி வேலை பிளேட் முகத்தில் படுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். உலர்ந்த தாடி உரோமம் வலிமையானது. நீரை உறிஞ்சியதும் மென்மையாகி, வெட்டத் தேவையான விசை பெருமளவு குறைகிறது. ஆகவே குளித்த பின்னர் சவரம் செய்வதே சிறந்தது. அதற்கு வசதியில்லையெனில் இளஞ்சூட்டு நீரில் நனைத்த துவாயை இரண்டு மூன்று நிமிடங்கள் முகத்தில் வைத்திருக்கலாம். கடையில் விற்கும் நுரைக் குப்பிகள் நுரையைத் தருகின்றனவே தவிர, அவசரத்தில் பூசி அவசரத்தில் வழித்தால் உரோமம் ஊறுவதற்கு நேரம் தருவதில்லை. தூரிகையால் சவர்க்காரத்தை வட்டமாகத் தேய்க்கும்போது உரோமங்கள் நிமிர்கின்றன. நீரும் அடிவரை செல்கிறது.

நமது கரையோரத்துக்கே உரிய ஒரு சங்கடம் நீர். இங்குள்ள கிணறுகள் மணற்பாங்கான நிலத்தின் நிலத்தடி நீரை நம்பியவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பல கிணறுகளில் கடல்நீர் புகுந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். உவர் நீரிலும் வன்னீரிலும் சவர்க்காரம் நுரைக்காது. தயிர்போலத் திரிந்து முகத்தில் ஒட்டும். அந்நுரையில் பிளேட் வழுக்காமல் தடுக்கி நிற்கும். குழாய் நீரோ, சேகரித்த மழைநீரோ ஒரு கோப்பை இருந்தால் ஒரு சவரத்துக்குப் போதுமானது.

பிளேட்டின் கோணமும் கையின் கனமும் அடுத்தவை. றேசரின் தலையைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடி முகத்திலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடிக்க வேண்டும். இந்நிலையில் பிளேட் தோலைத் தொடாது. பின்னர் கைப்பிடியை மெல்லக் கீழிறக்கினால் ஒரு கட்டத்தில் கூர் உரோமத்தைத் தொடுவதை உணரலாம். ஏறத்தாழ 30 பாகைக் கோணம் அது. அதற்கு மேல் இறக்கினால் தோல் சுரண்டப்படும். அழுத்தம் கூடவே கூடாது. பிளாஸ்ரிக் றேசரை அழுத்தி இழுத்துப் பழகிய கை உலோக றேசரையும் அழுத்துகிறது. முதல் நாள் இரத்தம் வருவதற்கு இதுவே காரணம். உலோகத்தின் எடை மட்டும் வேலையைச் செய்யட்டும். கைப்பிடியின் அடிப்பகுதியை இரு விரல்களால் மாத்திரம் பிடித்துப் பழகினால் அழுத்த நினைத்தாலும் இயலாது.

உரோமம் எந்தத் திசையில் வளர்கிறது என்பதைத் தமது முகத்திலேயே பலர் அறியார். இரண்டு நாள் தாடியை விரல் நுனியால் நான்கு திசையிலும் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும் உரோமம், கழுத்தில் பக்கவாட்டிலும் சிலருக்கு மேல்நோக்கியும் வளர்கிறது. முதல் முறை வளர்ந்த திசையிலேயே, ஓர் அங்குலத்துக்கு மேற்படாத சிறு இழுப்புகளாக வழிக்க வேண்டும். வேண்டுமானால் மீண்டும் நுரை பூசிக் குறுக்காக ஒருமுறை வழிக்கலாம். எதிர்த்திசையில் வழிப்பது தோல் பழகிய பின்னர் செய்யவேண்டியது. கொப்புளம் வருபவர்கள் அதனை அறவே தவிர்க்க வேண்டும். நுரையில்லாத இடத்தில் பிளேட் படலாகாது. குரல்வளை மேட்டில் தோலைச் சற்றுப் பக்கவாட்டில் இழுத்து, சமதளத்தில் வைத்து வழித்தால் வெட்டு விழாது. இரண்டு மூன்று வாரங்களில் கை பழகிவிடும்.

உருக்கு உரோமத்தைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் பிளேட் எவ்வாறு மழுங்குகிறது? அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்கள் 2020இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இதற்கு விடை வெளியிட்டனர். கூர்முனை தேய்ந்து வட்டமாவதைவிட, வளையும் உரோமம் சாய்வாக மோதும் இடங்களில் மிக நுண்ணிய துண்டுகளாக உடைந்து பல் விழுகிறது. அந்தப் பற்களே தோலைப் பறிக்கின்றன. இழுப்பதாக உணர்ந்த மறுகணம் பிளேட்டை மாற்றிவிடுவதே சிக்கனம். பயன்படுத்திய பின் உதறி உலரவைக்க வேண்டும்; துவாயால் துடைத்தால் கூர் கெடுவதோடு விரலும் வெட்டுப்படும். கடற்காற்றின் உப்பில் ஈரமான றேசர் விரைவில் கறைபிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முஸ்லிம் வாசகர்கள் தனியே கவனிக்க வேண்டிய ஒரு விடயம் தூரிகை. சந்தையிலுள்ள மலிவான சவரத் தூரிகைகளிற் பல பன்றி மயிரால் செய்யப்படுபவை. பொதியில் 'போர்' என்றோ, வெறுமனே 'பிறிஸ்டல்' என்றோ அச்சிடப்பட்டிருக்கும். நமது பிரதேசத்தில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின்படி பன்றியின் மயிரும் நஜீஸ். செயற்கை நார்த் தூரிகைகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. அவை விரைவில் உலர்வதால் நம் காலநிலைக்கும் ஏற்றவை. அவ்வாறே சவர்க்காரக் கட்டியில் 'சோடியம் டேலோவேட்' என்றிருந்தால் அது விலங்குக் கொழுப்பிலிருந்து வந்தது எனப் பொருள். எந்த விலங்கு என்று பொதி சொல்லாது. தாவர எண்ணெயில் செய்யப்பட்டதைத் தேடி வாங்குவது நிம்மதி. உணவுப் பொதியின் பின்புறத்தை மூக்குக்கண்ணாடி போட்டு வாசிக்கும் நாம் குளியலறைப் பொருட்களை அவ்வாறு வாசிப்பதில்லை.

சவரத்துக்குப் பின் மதுசாரம் கலந்த திரவங்களைத் தவிர்க்க விரும்புவோருக்குச் சீனாக்காரம் இருக்கிறது. குளிர்ந்த நீரில் முகத்தைக் கழுவி, ஈரமான சீனாக்காரக் கட்டியைத் தடவி, சற்றுப் பொறுத்துக் கழுவிவிட்டால் சிறு கீறல்களில் இரத்தம் நின்றுவிடும். ஆனால் இக்கட்டி ஒருவருக்கு மாத்திரம் உரியது. சில சலூன்களில் ஒரே கட்டி நாள் முழுவதும் முகத்துக்கு முகம் செல்வதைக் காண்கிறோம். ஒருவரின் கீறலில் பட்ட இரத்தம் அடுத்தவரின் கீறலுக்குச் செல்ல இதைவிட நேரான பாதை வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து இங்குதான் இருக்கிறது. எயிட்ஸ் பற்றிய அச்சம் பரவிய பின்னர் பழைய தீட்டுக் கத்திகள் ஒதுக்கப்பட்டு, பிளேட்டை இரண்டாக ஒடித்துச் செருகும் கத்திகள் சலூன்களுக்கு வந்தன. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே விரைவில் செயலிழந்துவிடும். ஆனால் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்துளியிலும் குறைந்தது ஏழு நாட்கள் தொற்றும் வலிமையோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அதற்குப் போதும். அரைப் பிளேட்டை மாற்றாமல் கிருமிநாசினி நீரில் ஒரு கணம் தோய்த்தெடுப்பது கிருமிநீக்கம் ஆகாது. பிளேட்டை மாற்றினாலும் அதனைப் பற்றும் கத்தியின் வாயைச் சுத்தம் செய்யாவிட்டால் பயன் பாதிதான்.

இலங்கை ஹெபடைட்டிஸ் பி குறைவாகக் காணப்படும் நாடு என்பது உண்மையே. எனினும் இத்தடுப்பூசி நமது தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் 2003ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்து, தனியாக ஊசி ஏற்றிக்கொள்ளாத வளர்ந்தோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வயது வந்தோரில் பெரும்பாலானோர் இந்நோயிலிருந்து மீண்டுவிடுகின்றனர். குழந்தைகளின் நிலை வேறு. பிறந்த சில வாரங்களில் தொற்றினால், ஏறத்தாழ பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் நோயாக நிலைத்து, பின்னாளில் ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் வழிகோலுகிறது.

இதனை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், நாம் குழந்தைகளுக்கு முடி இறக்கும் காலம் அதுவே. முஸ்லிம்கள் ஏழாம் நாளிலோ நாற்பதாம் நாளிலோ இறக்குகின்றனர். தமிழ்க் குடும்பங்களில் முப்பத்தோராம் நாளில் இறக்கும் வழக்கம் உண்டு. நமது நாட்டின் அட்டவணைப்படி இத்தடுப்பூசியின் முதல் ஊசி இரண்டு மாதம் பூர்த்தியான பின்னரே ஏற்றப்படுகிறது. ஊசியின் காவல் தொடங்குமுன்பே கத்தி தலையில் படுகிறது. அந்நாளில் வீட்டுக்கு வரும் ஒஸ்தாவோ சலூன் தொழிலாளியோ, பொதி உடைக்காத புதிய பிளேட்டைப் பெற்றோரின் கண்முன்னே பிரித்துச் செருக வேண்டும். முந்திய நாளே ஒரு பொதி பிளேட் வாங்கி வைத்துவிட்டால் கேட்கவேண்டிய சங்கடமும் இல்லை.

ஹஜ்ஜுக்குச் செல்வோர் இதனை முன்னரே அறிவர். மினாவில் ஒரே நாளில் இலட்சக்கணக்கானோர் தலை மழிப்பதால், அனுமதி பெற்ற முடிதிருத்துநர்களிடம், ஒருமுறை மட்டும் பயன்படும் பிளேட்டால் மழிக்குமாறு சவூதி அதிகாரிகள் வலியுறுத்துகின்றனர். அங்கே கேட்டு வாங்கும் நாம் ஊருக்குத் திரும்பியதும் கேட்பதற்கு வெட்கப்படுகிறோம்.

தொழிலாளர்களைக் குறை சொல்லி ஒதுங்குவது நியாயமாகாது. நம் பிரதேசத்தில் தலைமுறைகளாக இரு சமூகங்களுக்கும் உழைத்தவர்கள் அவர்கள், கூலியோ குறைவு. அரைப் பிளேட்டின் விலை சவரக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியே என்பதால் அதனை வாடிக்கையாளர் மனமுவந்து ஏற்க வேண்டும். கையுறை, கத்தியை ஊறவைக்கும் குளோரின் கரைசல், பிளேட் போடும் கொள்கலன் ஆகிய மூன்றும் உள்ளனவா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வெள்ளிக்கிழமை காலையில் ஒருமுறை பார்த்துச் செல்வார்களாயின் நிலைமை பெரிதும் மாறும். பொதுவாக நெரிசலில்லாத நாளில்தான் இடங்கள் சுத்தமாக இருக்கும்.

கடைசியாக, பயன்படுத்திய பிளேட்டின் போக்கிடம். அமெரிக்க வீடுகளில் முன்னர் குளியலறைச் சுவரில் ஒரு சிறு துவாரம் வைத்திருப்பார்கள். பழைய பிளேட்டுகள் அதனூடாகச் சுவரின் உட்புறத்திலேயே விழுந்து கிடக்கும். வீட்டை இடிப்பவனுக்கு அது புதையல். நம் வீடுகளில் பிளேட்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைப் பையில் போடுகிறோம். அதனை வெறுங்கையால் அள்ளும் மாநகர சபைத் தொழிலாளியின் விரலில் அது ஏறுகிறது. வெறுமையான பால்மா டின் ஒன்றின் மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பிளேட்டுகளை அதற்குள் தள்ளி வரலாம். வாரம் ஒன்று வீதம் போட்டாலும் டின் நிரம்பப் பல வருடங்களாகும். நிரம்பியதும் மூடியைச் சுற்றிப் பசைநாடா ஒட்டி, உள்ளே பிளேட் என்று மேலே எழுதி, குப்பை அள்ள வருபவரின் கையில் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.