மழை விடட்டும், பிறகு வெடிக்கலாம்

1945 ஜூலை 16. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை விடிகாலை 4 மணிக்கு நடப்பதாக ஏற்பாடு. இடியும் மழையும் குறுக்கிட்டன.

மழைக்கு ஏன் அஞ்ச வேண்டும்? மேலெழும் கதிரியக்கத் தூசியை அது அக்கம்பக்கத்திலேயே இறக்கிவிடும். காற்று திசை மாறினால் தூசி ஊர்ப்பக்கம் போகும். போதாததற்கு மின்னல் வேறு! குண்டு இருந்ததோ 30 மீட்டர் உயர இரும்புக் கோபுரத்தின் உச்சியில். இரவில் அதன் பக்கத்திலேயே தனியாகக் காவல் இருந்தார் டொனால்ட் ஹார்னிக் என்ற இளம் விஞ்ஞானி. கையில் ஒரு நகைச்சுவைப் புத்தகம். என்ன நெஞ்சழுத்தம்!

வானிலை நிபுணர் ஜாக் ஹப்பர்ட் தலையசைத்த பிறகே 5.30 என்று முடிவானது. கோபுரத்தருகே பூட்டி வைத்திருந்த சுவிட்சுகளைப் போட்டுவிட்டு, சோதனைப் பொறுப்பாளர் கென்னத் பெயின்பிரிட்ஜ் சுமார் 9 கி.மீ. தள்ளியிருந்த பதுங்கு அறைக்கு விரைந்தார். அந்தப் பூட்டு எதற்கு? ஆட்கள் கோபுரத்தருகே நிற்கும்போது தொலைவிலிருந்து யாரும் தவறுதலாகக் குண்டை வெடிக்கச் செய்துவிடக் கூடாதே!

விஞ்ஞானி சாம் ஆலிசன் ஒலிபெருக்கியில் எண்ணத் தொடங்கினார். கடைசி 45 விநாடிகள் தானியங்கிக் கருவியின் பொறுப்பு. மனிதருக்கு மிஞ்சியது ஒரே வேலை: நிறுத்துவது. மின்னழுத்த முள் இறங்கினால் இணைப்பைத் துண்டிக்க, சுவிட்சில் கை வைத்துக் காத்திருந்தவரும் அதே ஹார்னிக்தான். முள் இறங்கவில்லை.