பூட்டிய கதவைத் திறப்போம், வாருங்கள்!

சகோதரிகளே, உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கிற பொதுக் கட்டடங்கள் எத்தனை என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? பழைய பள்ளிக்கூடம், ரேடியோ ரூம், டி.வி. அறை, ஆள் போகாத சமுதாயக்கூடம்... எங்கள் ஊரில் மட்டும் மூன்று இருக்கின்றன. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கிராமம். புதுப் பள்ளிக்கூடம் கட்டியதிலிருந்து பழைய ஓட்டுக் கட்டடம் சும்மாவே கிடக்கிறது. பகலில் திண்ணையில் ஆடு படுக்கும். இருட்டினால் சீட்டுக்கட்டும் பாட்டிலும்தான்.

2024 ஜூன் மாதத்தை எங்கள் மாவட்டத்துப் பெண்கள் மறக்கவே முடியாது. கருணாபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எத்தனை தாலி அறுந்தது! கலைக்கூடம் வந்தால் சாராயம் ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குப் போலீசும் சட்டமும் வேண்டும். ஆனால் வேலை முடிந்து வருகிற ஆம்பிளைக்கும், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைக்கும் பொழுது சாய்ந்தால் போக ஒரு நல்ல இடம் ஊரில் இருக்கிறதா? அந்த இடத்தை நாமே உண்டாக்கினால் என்ன என்பதுதான் என் கேள்வி.

கலைக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, ராத்திரி முழுக்கக் கூத்து ஆடுகிற பூமி இது. அரவான் கதைக்குப் பேர்போன கூவாகம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வளவு இருந்தும், ஒரு பிள்ளை உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஒரு கூரை இல்லை. எங்கள் ஊர் கூத்து வாத்தியார் ஒருநாள் சொன்னார்: "எனக்கு எழுவது வயசாவப்போவுது தாயி. கிரீடமும் புஜக்கட்டையும் பரண்மேல கெடக்குது. கத்துக்க ஆளு வந்தாக்கூட எங்க வெச்சி சொல்லித் தர்றது?" அந்தக் கேள்விக்கு ஊரில் ஒருத்தரிடமும் பதில் இல்லை.

பாழடைந்த கட்டடத்தில் கலையா என்று சிரிக்கிறவர்களுக்குக் கொச்சியைக் காட்டலாம். 1867-இல் தொடங்கிய ஆங்கிலேயர் கம்பெனி ஒன்று மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய் எண்ணெய் என்று ஏற்றுமதி செய்த இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். வியாபாரம் போனபின் கடலோரத்தில் அது சும்மா கிடந்தது. ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று, 2012 டிசம்பர் 12-இல் அங்கே கலைவிழாவைத் தொடங்கினார்கள். பணத் தட்டுப்பாடு வந்தபோது கலைஞர்களும் தொண்டர்களும் கை கொடுத்தார்கள். மிளகு மூட்டை கிடந்த அறைகளில் ஓவியமும் சிற்பமும் பார்க்க உலகமே வந்தது.

"அது பெரிய பட்டணம்மா, நம்ம பட்டிக்காட்ல நடக்குமா?" என்பீர்கள். கர்நாடகத்தில் சாகர் பக்கத்தில் ஹெக்கோடு என்று ஒரு சின்ன கிராமம். பாக்குத் தோட்டம்தான் பிழைப்பு. 1949-இல் ஊர்க்காரர்கள் கூடி, தங்கள் சாமி நீலகண்டேஸ்வரர் பெயரில் நாடகச் சங்கம் வைத்தார்கள். 'நீனாசம்' என்பது அதன் சுருக்கப் பெயர். அதை வளர்த்த கே.வி. சுப்பண்ணாவும் ஒரு விவசாயிதான். 1972-இல் சொந்த அரங்கம், 1980-இல் நாடகப் பள்ளி, 1985 முதல் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழு என்று படிப்படியாக வந்தது. 1991-இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருதே கிடைத்தது. அரங்கம் கட்டுவதற்கு முன்பே 23 வருஷம் அங்கே சங்கம் இருந்திருக்கிறது, கவனித்தீர்களா? முதலில் ஆட்கள் சேர்ந்தார்கள், கட்டடம் பிறகு வந்தது. நம்மிடம் கட்டடம் தயாராக நிற்கிறது, சேர வேண்டியது நாம்தான்.

எங்கள் மகளிர் குழுவில் இந்தப் பேச்சை எடுத்தபோது ஒரு பெரியவர், "பொம்பளப் புள்ளைங்களுக்குக் கூத்து ஒரு கேடா?" என்றார். "காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சரசந்தாங்கல்ல 2002-லேருந்து 2020 வரைக்கும் கட்டைக்கூத்து குருகுலம் நடந்துச்சு பெரிப்பா. பொம்பளப் புள்ளைங்களும் படிப்போட கூத்தும் கத்துக்கிட்டு, வேஷம் கட்டி மேடை ஏறிச்சிங்க" என்றேன். சும்மா இருந்துவிட்டார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து பேசினோம். கை நடுங்கியது என்னவோ நிஜம். ஆனாலும் தீர்மானம் நோட்டில் ஏறிவிட்டது. இப்போது அந்தக் காகிதம் ஒரு ஆபீசில் உட்கார்ந்திருக்கிறது. மாசம் ரெண்டு தரம் போய்க் கேட்டுவிட்டு வருகிறோம். 'இவங்க விடமாட்டாங்க' என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது!

இதே யோசனை உங்களுக்கும் இருந்தால் சில விஷயங்களைச் சொல்கிறேன். முதலில் கட்டடம் யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். ஊராட்சியா, பள்ளிக்கல்வித் துறையா, வேறு துறையா என்பதைப் பொறுத்துத்தான் மனு கொடுக்க வேண்டும். அடுத்தது, இன்ஜினியர் வந்து பார்த்து 'உறுதியாக இருக்கிறது' என்று எழுதித் தராமல் ஒரு பிள்ளையைக்கூட உள்ளே விடாதீர்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்ததை மறக்கலாமா? கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்ற அந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நாலு பேராகப் போகாமல் நாற்பது பேராகப் போங்கள்.

பணத்துக்கு, 2021-இல் மறுபடி கொண்டுவந்த 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர் மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒன்றிய ஆபீசில் விசாரியுங்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு நூறு ரூபாய் என்று பேசியிருக்கிறோம். முடியாதவர்கள் ஒருநாள் ஆள் வேலை செய்வார்கள். கொத்தனார், பெயின்டர், எலக்ட்ரீஷியன் எல்லாம் நம் வீட்டு ஆட்கள்தானே?

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சாவி பெண்கள் குழுவிடம் இருக்கட்டும். கட்சிக்காரர் கையில் போனால் மறுபடியும் பூட்டுதான். எந்தத் தெருப் பிள்ளையும் தயங்காமல் உள்ளே வர வேண்டும், மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளும் சேர்த்துத்தான். வாரத்தில் ரெண்டு நாள் கூத்து, ஒருநாள் மரச்சிற்பம், ஒருநாள் கும்மி, கோலாட்டம் என்று எங்கள் திட்டம். திறப்பு விழா ஜோராக நடந்தும் நாலாம் மாசம் பூட்டு விழுந்த கட்டடங்கள் எத்தனையோ! தினமும் சாயங்காலம் ஒருத்தர் போய் விளக்குப் போட்டால்தான் அது கலைக்கூடம். அதற்கும் முறை போட்டுவிட்டோம். எனக்கு வியாழக்கிழமை.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது கட்டடத்தைத் திறந்திருக்கிறீர்களா? எப்படிச் சாதித்தீர்கள் என்று இந்தப் பக்கத்துக்கே எழுதுங்களேன். எங்களைப் போன்றவர்களுக்குத் தெம்பாக இருக்கும்.

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்.