விசில் இல்லாத களம்

2023 அக்டோபர் 7. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி இறுதியாட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28. முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. பவன் செஹ்ராவத் ரைடு போகிறார். யாரையும் தொடாமலே, களத்தின் பக்கவாட்டுப் பட்டையான லாபியின் கோட்டைத் தாண்டிவிடுகிறார். அவரைத் தள்ளப் பாய்ந்த ஈரான் வீரர்களும் பின்னாலேயே லாபிக்குள் போய்விடுகிறார்கள். பழைய விதிப்படி, தொடாமல் லாபிக்குள் போன அத்தனை பேரும் அவுட். புதிய விதிப்படி ரைடர் மட்டும் அவுட். எந்த விதியில் ஆடுகிறோம் என்பதையே நடுவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். வீரர்கள் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றுபோனது. கடைசியில் 33-29 என்று இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரக் கசப்பை யாரும் மறக்கவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் பக்கத்துப் பொங்கல் கபடிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இருந்திருக்காது. ‘போனஸ் கோட்டில் கால் பட்டது’, ‘படவில்லை’ என்று தொடங்குவது, ராத்திரி பதினொரு மணிக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டு ஊர்ச் சண்டையாக முடியும். உடனே நாம் சொல்வது, ‘நல்ல அம்பயரைப் போட்டிருக்க வேண்டும்’ என்பதுதான். ஹாங்சோவில் ரெஃப்ரி, அம்பயர்கள், வீடியோ என எல்லாமே இருந்தன.

கபடியைப் போலவே ஓரணிக்கு ஏழு பேர் ஆடும் இன்னோர் ஆட்டம் இருக்கிறது. அதன் உலகப் போட்டிகளில், இறுதியாட்டம் உட்பட, நடுவரே கிடையாது. ஃபவுல் நடந்தால் ஃபவுல் பட்டவரே சொல்ல வேண்டும். எல்லைக்கு வெளியே போனதா இல்லையா என்பதையும் ஆடுபவர்களே தீர்மானிக்க வேண்டும். நேரம் எண்ணுபவரோ எதிரணிக்காரர். அல்டிமேட் என்ற இந்த ஃபிரிஸ்பி ஆட்டம் 1968-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மேப்பிள்வுட்டில் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் பிறந்தது. இன்று சென்னை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலும் ஆடப்படுகிறது. மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் ஐ.டி. கம்பெனிக்காரர்களும், ஆணும் பெண்ணும் ஒரே அணியில் நின்று ஆடுகிறார்கள். அங்கே உருவான ஃப்ளை வைல்டு அணியைப் பற்றிய ‘175 கிராம்ஸ்’ என்ற குறும்படம் 2015-இல் சண்டான்ஸ் குறும்படப் போட்டியில் தேர்வு பெற்றது. 175 கிராம் என்பது போட்டியில் எறியும் தட்டின், அதாவது டிஸ்கின், எடை.

அந்த 175 கிராம் காற்றில் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான், இந்த ஆட்டத்தின் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது பிடிபடும்.

டிஸ்கைக் கையில் வாங்கி விளிம்பைத் தடவிப் பாருங்கள். நடுவில் தகடு மெல்லியது, ஓரம் தடிமன். எடையின் பெரும்பங்கு விளிம்பில் இருப்பதால், மணிக்கட்டைச் சுண்டி எறிந்தால் சுழற்சி எளிதில் சாகாது. மேற்பரப்பில் ஓரமாக மெல்லிய வளையக் கோடுகள் தெரியும். நவீன ஃபிரிஸ்பியை வடிவமைத்த எட் ஹெட்ரிக் 1967-இல் காப்புரிமை பெற்ற கோடுகள் அவை. பறக்கும்போது டிஸ்க் தடுமாறாமல் இருக்க உதவுகின்றன. சுழற்றாமல் எறிந்தால் காற்றின் தூக்குவிசை டிஸ்கின் நடுப்புள்ளிக்கு முன்னால் பிடித்து மூக்கை மேலே தூக்கிவிடும். டிஸ்க் குட்டிக்கரணம் போட்டு விழும். சுழலும் டிஸ்கில் அதே திருப்பம் தொண்ணூறு பாகை தள்ளிப்போய் வேலை செய்கிறது. பம்பரம் சாயும்போது விழாமல் வட்டமிடுவதும் இதே இயற்பியல்தான். அதனால் வலக்கையால் பேக்ஹேண்ட் எறிந்த டிஸ்க் குப்புற விழாமல், வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாய்ந்து மெதுவாக இறங்கும்.

மெதுவாக இறங்குவதில்தான் தகராறு பிறக்கிறது. கிரிக்கெட்டில் உயரப் போன பந்து விழும் இடத்துக்கு ஒருவர்தான் ஓடுவார், மற்றவர் விலகிக்கொள்வார். கோல் எல்லைக்குள் (அங்கே தன் அணிக்காரர் பிடித்தால் கோல்) உயரமாக எறிந்த டிஸ்கோ தலைக்கு மேலே மிதந்துகொண்டே நிற்கும். அதற்குள் இரண்டு அணியிலும் நாலைந்து பேர் கீழே கூடிவிடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எம்புகிறார்கள். யாருடைய முழங்கை யாருடைய மணிக்கட்டில் பட்டது? நூறு மீட்டர் நீளக் களத்தின் ஓரத்தில் நிற்கும் நடுவருக்கு அது தெரிய வழியே இல்லை. பட்டவருக்கும் பட வைத்தவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர்களையே சொல்லச் சொல்வது வெறும் நல்லெண்ணம் அல்ல, தகவல் எங்கே இருக்கிறதோ அங்கேயே தீர்ப்பையும் வைக்கும் ஏற்பாடு.

‘பொய் சொன்னால்?’ என்று யாரும் கேட்பார்கள். இங்கேதான் விதி எழுதியவர்களின் சாமர்த்தியம் தெரிகிறது. டிஸ்கைப் பிடிக்கப் போனவர் ‘ஃபவுல்’ என்கிறார். எதிராளி ஒப்புக்கொண்டால் டிஸ்க் பிடிக்கப் போனவருக்கே, அந்த இடத்திலேயே. எதிராளி ‘கான்டெஸ்ட்’ என்று மறுத்தால் யாருக்கும் வெற்றியில்லை. டிஸ்க் முதலில் எறிந்தவரிடமே திரும்பிப் போகும், அந்த எறி நடக்கவே இல்லை என்பதுபோல ஆட்டம் தொடரும். ஆக, பொய் சொல்லி ஒருவர் கோல் அடித்துவிட முடியாது. கால்பந்தில் பெனால்ட்டி பகுதியில் நடித்து விழுபவருக்கு ஒரு கோலே பரிசாகக் கிடைக்கலாம். இங்கே அதிகபட்சப் பரிசு, இன்னொரு முறை எறிந்து பார்க்கலாம் என்பது மட்டும்.

நேரம் எண்ணுவதும் அப்படித்தான். டிஸ்க் கையில் இருப்பவர் ஓடக் கூடாது. ஒரு காலை ஊன்றி நின்று எறிய வேண்டும். எதிரில் நிற்கும் தடுப்பாளர் ஒன்று முதல் பத்து வரை உரக்க எண்ணுவார். ஓர் எண் தொடங்கி அடுத்த எண் தொடங்க ஒரு நொடியாவது இடைவெளி வேண்டும். பத்து என்று வாயெடுப்பதற்குள் டிஸ்க் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். வேகவேகமாக எண்ணினால் எறிபவர் அங்கேயே தடுத்துச் சொல்லலாம், எண்ணிக்கை பின்னுக்குப் போகும். எண்ணி முடித்தாரா, அதற்குள் எறிந்தாரா என்று தகராறு வந்தால் எட்டிலிருந்து மறுபடி. எல்லாத் தகராறும் கொஞ்சம் பின்னால் போய் மீண்டும் ஆடுவதில் முடிகிறது. யாருக்கும் பெருத்த லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஆனாலும் பொய்யின் லாபம் முழுதாகப் பூஜ்யமாகிவிடவில்லை. நிச்சயமாக விட்டுக்கொடுக்க வேண்டிய கோலை ‘கான்டெஸ்ட்’ என்று ஒரு வார்த்தை சொல்லித் தள்ளிப்போடலாம். அந்த ஓட்டையை அடைப்பது எது? அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட் 1984-இல் வெளியிட்ட ஒத்துழைப்பு பற்றிய நூலில் ஒரு விடை இருக்கிறது. இரண்டு பேர் மறுபடி மறுபடி சந்திக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், ஏமாற்றுவதைவிட நேர்மையாக இருப்பதே லாபம். எலியட்ஸ் கடற்கரையில் இன்று ஏமாற்றிய ஆளோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஆடியாக வேண்டும். இது போதாதென்று, ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் தோள்மேல் கைபோட்டு ஒரே வட்டமாக நின்று ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பிறகு எதிரணிக்கு மதிப்பெண் போடுகிறார்கள்: விதியறிவு, உடல்மோதல் தவிர்த்தல், நியாய மனம், நிதானம், பேச்சு முறை என ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை, ஆக மொத்தம் இருபது.

இந்த ஆட்டத்தின் சீர்திருத்தம் பற்றிய சச்சரவெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. வாராவாரம் பார்க்கும் முகங்கள் மத்தியில் வேலை செய்யும் ஏற்பாடு, இனி ஒருபோதும் சந்திக்கப் போகாத இரண்டு நாடுகள் மோதும் இறுதியாட்டத்திலும் வேலை செய்யுமா? அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய தொழில்முறை லீக், நடுவரை வைத்துக்கொண்டது. ஆனால் அங்கேயும், நடுவர் ஒரு வீரருக்குச் சாதகமாகத் தவறான தீர்ப்பு சொன்னால் அந்த வீரரே அதை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. அமெரிக்க அல்டிமேட் சங்கப் போட்டிகளில் ‘அப்சர்வர்’ இருக்கிறார். கோட்டுக்கு உள்ளா வெளியா என்பதை அவரே சொல்வார், வீரர்கள் ஒத்துப்போகாத தகராறுகளையும் தீர்ப்பார். உலக ஃபிளையிங் டிஸ்க் கூட்டமைப்பு அதைவிடக் குறைவாகப் போனது. அதன் ‘கேம் அட்வைசர்’ தன் கண்ணில் பட்டதைச் சொல்வார், விதியை விளக்குவார். முடிவு வீரர்களுடையது.

என் கட்சி இந்தக் கடைசி ஏற்பாட்டின் பக்கம். நடுவர் வந்துவிட்டால் வீரரின் வேலை உண்மையைச் சொல்வது என்பது போய், நடுவரை நம்ப வைப்பது என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு நடிப்பும் ஒரு திறமையாகிவிடும். ஆனால் கோட்டு விவகாரத்தில் இன்னும் கொஞ்சம் தாராளம் காட்டலாம். அந்தரத்தில் பறந்து பிடிப்பவருக்குத் தன் கால் கோட்டில் பட்டதா என்பது நேர்மையாகவே தெரியாது. தெரியாததைச் சொல்லச் சொல்லி அவரைப் பழிக்கு ஆளாக்குவதில் நியாயமில்லை. பெரிய போட்டிகளில் கோட்டுக்கு ஆள் வைக்கட்டும், ஃபவுல் மட்டும் வீரர்களிடமே இருக்கட்டும்.

விதியை நுட்பமாகத் திருத்தினால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஆணும் பெண்ணும் சேர்ந்தாடும் பிரிவே சாட்சி. ஏழு பேரில் நாலு ஆண், மூன்று பெண். அல்லது நாலு பெண், மூன்று ஆண். எது என்பதைப் புள்ளிக்குப் புள்ளி ஓர் அணி தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டால், ஜெயிக்கும் அவசரத்தில் ஆண்களே அதிகம் இறங்குவார்கள், பெண்கள் பெஞ்சில் உட்காருவார்கள். இப்போது உலகப் போட்டிகளில் பின்பற்றப்படும் முறையில் டாஸ் போட்டு முதல் புள்ளிக்கு ஒரு கணக்கு. அடுத்த இரண்டு புள்ளிக்கு மாற்றுக் கணக்கு. அதற்கடுத்த இரண்டுக்கு மறுபடி முதல் கணக்கு. டென்னிஸ் டைபிரேக்கில் சர்வீஸ் மாறுவதும் இப்படித்தான். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றினால் முதலில் வந்தவருக்கு எப்போதும் ஒரு படி முன்னிலை இருக்கும். இரண்டிரண்டாக மாற்றினால் அந்த முன்னிலை கைமாறிக்கொண்டே இருக்கும். ‘பெண்களுக்கும் வாய்ப்புக் கொடுங்கள்’ என்று அறிவுரை சொல்லாமலே பாதி ஆட்டம் பெண்கள் கூடுதலாக நிற்கும்படி ஆனது.

இதே கூர்மையோடு திருத்த வேண்டியது மொழி. வாதாடித் தீர்க்கும் ஆட்டத்தில் பேச்சு வல்லவருக்கு ஒரு கூடுதல் ஆயுதம் இருக்கிறது. ஆங்கிலத்தில் விதியெண் சொல்லி வாதிடுபவர் முன்னால் குப்பத்துப் பையன் ‘சரி, விடுங்க சார்’ என்று ஒதுங்கிவிட்டால், அது நியாயமான தீர்ப்பு அல்ல, அடக்கப்பட்ட தீர்ப்பு. உலகக் கூட்டமைப்பு கைச் சைகைகளை வகுத்திருப்பது நல்ல காரியம். ஃபவுல், கான்டெஸ்ட், வெளியே, உள்ளே எல்லாவற்றுக்கும் சைகை உண்டு, வாய் பேச வேண்டியதில்லை. விதிப்புத்தகம் நல்ல தமிழில், உடற்பயிற்சி ஆசிரியர் உரக்க வாசித்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி வர வேண்டும். கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை மனதில் வைத்தே சொல்கிறேன். நூறு மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலச் சமதளம் மலையில் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஐந்து பேர் ஆடும் கடற்கரை வகைக்கு 75-க்கு 25 மீட்டர் போதும். மலைக்குக் கீழே என்றால் கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரியே களம். ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதும் அங்கேதான்.

நிர்வாகத்துக்கு வருவோம். நடுவர் இல்லாத ஆட்டத்தை நடத்தும் சங்கம் எப்படி இருக்க வேண்டும்? பொதுச் சொத்துகளை மக்களே கட்டிக்காத்த கதைகளை ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் கண்டது, விதிக்கு உட்படுகிறவர்களுக்கே விதியைத் திருத்தும் உரிமை இருக்கும் இடங்களில்தான் ஏற்பாடு நிலைக்கிறது என்பது. ஏரிப் பாசனம் அதற்கு நல்ல உதாரணம். கடைமடைக்காரரையும் கேட்டு முறை வைத்தால் மடையை யாரும் ராத்திரியில் உடைக்க மாட்டார்கள்.

இந்தியாவில் அல்டிமேட் சங்கம் ஆடுபவர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒன்றாகவே தொடங்கியது. 2015 ஆகஸ்டில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உலகக் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்ததிலிருந்து ஆசை பெருகியிருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர விண்ணப்பித்த 26 அமைப்புகளில் அதுவும் ஒன்று, தேர்வாகவில்லை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குக்குக் கிரிக்கெட்டையும் ஸ்குவாஷையும் இன்னும் மூன்றையும் சேர்த்தது, டிஸ்கைச் சேர்க்கவில்லை. அரசு அங்கீகாரம், மானியம், விளையாட்டு ஒதுக்கீடு என்று அடுத்தடுத்து வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் சங்கத்தின் நாற்காலிக்கு மதிப்புக் கூடும். கபடிக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தியக் கபடிக் கூட்டமைப்பின் தேர்தலை ரத்து செய்து நிர்வாகியை நியமிக்க நேர்ந்தது. கோர்ட்டுப் படியேறிப் பல வருஷம் போனது.

2025-இன் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் சில கடிவாளங்களைப் போட்டிருக்கிறது. செயற்குழு 15 பேருக்கு மேல் போகக் கூடாது, அதில் நாலு பெண்களாவது, சிறந்த வீரர்கள் இருவராவது இருக்க வேண்டும், வீரர்களுக்கென்று தனிக் குழு வேண்டும். பதினைந்தில் இரண்டு என்பது மற்ற விளையாட்டுகளுக்கு முன்னேற்றமாக இருக்கலாம். தன் ஃபவுலைத் தானே சொல்லும் வீரருக்கு அது மிகக் குறைவு. உலக இறுதியாட்டத்தின் தீர்ப்பையே வீரர் கையில் கொடுத்திருக்கிறோம், சங்கக் கணக்கை மட்டும் அவரிடம் காட்ட மாட்டோமா? பதிவு செய்த ஒவ்வொரு வீரருக்கும் நேரடி ஓட்டு வேண்டும். எலியட்ஸ் கடற்கரைக் குப்பத்து அணிக்கும், நாளை கல்வராயனில் ஒரு பள்ளி அணி வந்தால் அதற்கும், நகரத்துக் கிளப்புக்கு உள்ள அதே ஓட்டு. அரசு அங்கீகாரக் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே இதைச் சங்க விதியில் எழுதிவிட வேண்டும், கடிதம் வந்த பிறகு எழுத யாரும் விடமாட்டார்கள்.